ஒரே கிட்டாரில் ஐம்பதுகள் முதல் தொண்ணூறுகள் வரை

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒவ்வொரு பத்தாண்டின் ஒலியையும் கொண்டுவர சில அமைப்புகள் இவை. ஐம்பதுகளின் ராக்கபில்லி (கன்ட்ரி இசை கலந்த ஆரம்பகால ராக்) ஒலிக்கு டிலே (எதிரொலி எஃபெக்ட்) நேரத்தை 80 முதல் 120 மில்லிசெகண்டுக்குள் வையுங்கள். எதிரொலி ஒருமுறை மட்டுமே கேட்க வேண்டும், ஆகவே ஃபீட்பேக் (எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவு) பூஜ்யம்.

பலரும் தடுமாறுவது அறுபதுகளின் ஃபஸ்ஸில்தான் (ஒலியைக் கரகரவென உடைக்கும் எஃபெக்ட்). ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ள ஃபஸ் பெடலை கிட்டாருக்கு அடுத்து, முதலாவதாக இணையுங்கள். முன்னால் பஃபர் (சிக்னலை வலுப்படுத்தும் சுற்று) உள்ள டியூனர் இருந்தால்கூட ஒலி கீச்சென்று கூர்மையாகிவிடும். பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) நேரடியாகச் சந்தித்தால்தான் ஃபஸ்ஸின் மின்சுற்று சரியாக இயங்கும். பிறகு கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 6 அல்லது 7-க்கு இறக்குங்கள்: அதே பெடல் கிட்டத்தட்ட கிளீன் (உடையாத) ஒலி தரும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் இன்னொரு பெடலே வேண்டாம்.

எழுபதுகளின் ஹார்ட் ராக்குக்கு பிரிட்ஜ் ஹம்பக்கர் (பிரிட்ஜ் பக்கத்து இரட்டைச் சுருள் பிக்கப்), தூக்கலான மிட் (நடு அலைவரிசை), நினைப்பதைவிடக் குறைவான கெய்ன் (ஒலியை உடைக்கும் அளவு).

எண்பதுகளுக்கு லேசான கோரஸ் (பல கிட்டார்கள் சேர்ந்து ஒலிப்பதுபோல் காட்டும் எஃபெக்ட்), தாளத்தோடு பின்னும் டிலே. 60,000-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடிகள், அதாவது பிபிஎம்) வகுத்து 0.75-ஆல் பெருக்குங்கள், 120 பிபிஎம் என்றால் டிலே நேரம் 375 மில்லிசெகண்ட்.

தொண்ணூறுகளின் கனத்த ரிஃப்களுக்கு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள்) ஆறாம் தந்தியை ஈ (E) சுரத்திலிருந்து டி (D) சுரத்துக்கு இறக்க வேண்டும். மெல்லிய தந்தி தளர்ந்து, ஓங்கி மீட்டும்போது சுருதி ஏறும். அந்த ஒரு தந்தியை மட்டும் 0.052 அங்குலத் தடிமனுக்கு மாற்றினால் சுருதி நிற்கும்.