கையால ஆட்டுனா லைட்டு எரியும்: வீட்டுலயே ஒரு குட்டி ஜெனரேட்டர் செய்யலாம் வாங்க

போன வாரம் பினாங்கு பிறையில எங்க குடியிருப்புல நடக்குற பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்கு அக்கா மவளக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். அப்பம் சுடுற ஆன்டி கடைக்குப் பின்னால சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துக் கடைக்காரரும் தன்னோட லைட்டு வயர அதுல சொருகுனாரு, சொருகுன அந்த நிமிஷமே எஞ்சின் சத்தம் கனத்து உறும ஆரம்பிச்சிருச்சு. "மாமா, லைட்டுதான எரியுது, எஞ்சினுக்கு ஏன் மூச்சு வாங்குது?"ன்னு அக்கா மவ கேட்டா. படிவம் 5 படிக்கிறா, இந்த வருஷம் எஸ்பிஎம் பரீட்சை, காந்தத்துலருந்து கரண்ட்டு வர்றதப் பத்தின ஃபேரடே விதி லென்ஸ் விதி ரெண்டையும் வரி பிசகாம ஒப்பிப்பா, ஆனா அந்த வரிக்கும் இந்த உறுமலுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவளுக்கு யாரும் காட்டல.

சரி, கையால செஞ்சு பாத்தாதான் புரியும்னு அடுத்த நாளே சாமான் வாங்கிட்டு வந்து ரெண்டு பேருமா உக்காந்தோம். நீங்களும் செய்யலாம், பிளக்கு பாயிண்ட்டு பக்கமே போக வேண்டாம், ஷாக் அடிக்கிற வேலையே இதுல கிடையாது.

மொதல்ல சாமான்

வயரிங்காரங்க சுவத்துல அடிக்கிற 20 மில்லிமீட்டர் வெள்ள பைப்பு இருக்குல்ல, அதுல ஒரு சாண் துண்டு போதும், எந்த ஹார்ட்வேர் கடையிலயும் கிடைக்கும். அடுத்து நியோடிமியம் காந்தம், 15 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிப்பு, வட்டமா சில்லறை காசு மாதிரி இருக்கும், அதுல 4 வாங்குங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டுனா 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரே காந்தமா ஆயிரும். வயர் 0.2 மில்லிமீட்டர் எனாமல் பூசுன செம்புக் கம்பி, 100 மீட்டர் வாங்கி வச்சுக்குங்க, மோட்டார் ரீவைண்டிங் செய்ற கடையில கேட்டா எடை போட்டே கொடுப்பாங்க. அப்புறம் சிவப்பு எல்இடி ஒண்ணு, பச்சை எல்இடி ஒண்ணு, கட்டியான அட்டை, டேப்பு, கொஞ்சம் ஸ்பாஞ்சு, சேண்ட்பேப்பர்.

காந்தத்துல மட்டும் ரொம்ப கவனமா இருங்க. சின்னப் பிள்ளைங்க கையில கொடுக்கவே கூடாது, ரெண்டு காந்தத்த முழுங்கிட்டா குடலுக்குள்ள ஒண்ண ஒண்ணு இழுத்து ஓட்டை போட்டுரும், உயிருக்கே ஆபத்து. வீட்டுல யாருக்காவது நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருந்தா அவங்க பக்கத்துல கொண்டு போகாதீங்க.

காயில் சுத்துறது

பைப்புக்கு நடுவுல, 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ரெண்டு அட்டை வளையத்த ஒட்டிருங்க, இதுதான் வயர் வழுக்கிப் போகாம இருக்க சுவரு. மொதல் முனையில ஒரு சாண் வயர வெளிய தொங்க விட்டுட்டு, ஒரே பக்கமா சுத்த ஆரம்பிங்க. மொத்தம் 1000 சுத்து. பயந்துறாதீங்க, டிவி பாத்துக்கிட்டே ரெண்டு மூணு மணி நேரத்துல முடிஞ்சிரும், 100 சுத்துக்கு ஒரு கோடுன்னு தாள்ல போட்டுக்கிட்டே வாங்க, இல்லன்னா கணக்கு தப்பிரும். நடுவுல திசை மட்டும் மாத்தக் கூடாது, மாத்துனா பாதி சுத்துல வர்ற கரண்ட்டு மீதி சுத்துல வர்றத அடிச்சுப் போட்டுரும். கடைசியிலயும் ஒரு சாண் விட்டு வெட்டிட்டு, மேல டேப்பு சுத்திருங்க.

காந்த அடுக்க பைப்புக்குள்ள போட்டு ரெண்டு வாயிலயும் ஸ்பாஞ்ச வச்சு டேப்பு போட்டு அடைங்க. ஆட்டுனா உள்ள கடகடன்னு ஓடணும், சிக்கக் கூடாது.

இப்ப எல்இடி. சிவப்போட நீளக் கால பச்சையோட குட்டைக் காலோடயும், சிவப்போட குட்டைக் கால பச்சையோட நீளக் காலோடயும் சேர்த்து முறுக்குங்க, அதாவது ரெண்டும் எதிரும் புதிருமா இருக்கணும். காயிலோட ரெண்டு முனையும் இந்த ரெண்டு முறுக்குல போயி சேரும்.

இங்கதான் நாங்க மாட்டிக்கிட்டோம். எல்லாத்தையும் கட்டி முடிச்சு, லைட்ட அணைச்சுட்டு ஆட்டுறோம் ஆட்டுறோம், ஒரு பொட்டு வெளிச்சம் வரல, பிள்ளைக்கு முகமே வாடிப்போச்சு. மல்டிமீட்டர வச்சுப் பாத்தா கரண்ட்டு ஓடுற வழியே இல்லன்னு காட்டுது. அப்புறம்தான் புரிஞ்சது, அந்தக் கம்பி பாக்க வெறும் செம்பு மாதிரி தெரிஞ்சாலும் மேல ஒரு வார்னிஷ் தோல் இருக்கு, அது இருக்குறதாலதான் 1000 சுத்தும் ஒண்ணோட ஒண்ணு ஷார்ட் ஆகாம இருக்கு, ஆனா முனையிலயும் அது இருந்தா எல்இடிக்கு கரண்ட்டு எப்படிப் போகும்? ரெண்டு முனையிலயும் ஒரு இன்ச்சு நீளத்துக்கு சேண்ட்பேப்பர்ல நல்லா தேச்சோம், அந்த செம்பழுப்பு மினுமினுப்பு போயி ரோஸ் கலர்ல செம்பு தெரியுற வரைக்கும். மீட்டர் மின்தடை 45 ஓம் கிட்ட காட்டுச்சு. உங்களுக்கும் 40லருந்து 60க்குள்ள வந்தா காயில் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

ரூம இருட்டாக்கிட்டு, பைப்ப நல்லா வேகமா ஆட்டுங்க. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சைன்னு மின்னும். எங்க வீட்டுல அவ கத்துன கத்துல அக்கா அடுப்ப விட்டுட்டு ஓடி வந்துட்டாங்க.

எப்படி எரிஞ்சது

மொதல்ல ஒரு சோதனை. காந்தத்த காயிலுக்கு நேர் நடுவுல நிறுத்தி வைங்க. எல்இடி எரியுதா? எரியாது. எவ்வளவு பெரிய காந்தமா இருந்தாலும் சும்மா நின்னா ஒண்ணும் நடக்காது. காந்தத்த சுத்தி கண்ணுக்குத் தெரியாத காந்தப்புலம் இருக்கு, அது காயிலுக்குள்ள கூடும்போதோ குறையும்போதோதான் கம்பியில வோல்ட்டேஜ் பிறக்கும். மாறணும், அதுதான் முக்கியம். நிறைய பேரு காந்தம் கரண்ட்ட கொடுக்குதுன்னு நெனக்கிறாங்க, காந்தம் கொடுக்கல, காந்தத்த அசைக்கிற உங்க கை கொடுக்குது.

இத 1831ல மைக்கேல் ஃபேரடே லண்டன்ல கண்டுபிடிச்சாரு. புத்தகம் பைண்டிங் செய்ற கடையில வேலை கத்துக்கிட்டு வளந்த மனுஷன், பெரிய கணக்குப் படிப்பெல்லாம் கிடையாது. அதுக்கு 11 வருஷம் முன்னாடி, 1820ல, டென்மார்க்குல ஓர்ஸ்டெட், கரண்ட்டு ஓடுற கம்பி பக்கத்துல வச்ச திசைகாட்டி முள்ளு ஆடுறதப் பாத்து கரண்ட்டு காந்தத்த உண்டாக்கும்னு காட்டியிருந்தாரு. அப்ப காந்தத்தால கரண்ட்ட உண்டாக்க முடியாதான்னு ஃபேரடே தேடிக்கிட்டே இருந்தாரு, 1831 அக்டோபர் 17ல காயில் சுத்துன ஒரு குழலுக்குள்ள காந்தத்த உள்ள விட்டு வெளிய இழுத்தப்ப மீட்டர் முள்ளு ரெண்டு பக்கமும் ஆடுச்சு. இப்ப உங்க கையில இருக்குறது கிட்டத்தட்ட அதே சாமான்தான், அவருக்கு எல்இடி இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வருஷமே பாரிஸ்ல பிக்சிங்கறவரு கைப்பிடி வச்சு காந்தத்த சுத்துற ஜெனரேட்டரே செஞ்சுட்டாரு.

கணக்கும் பாத்துருவோம், சுலபம்தான். நம்ம காந்தம் வேகமா காயில தாண்டும்போது ஒரு சுத்துக்கு தோராயமா 5 மில்லிவோல்ட் வரும், ஒண்ணுக்கும் உதவாத அளவு. ஆனா 1000 சுத்தும் வரிசையா சேர்ந்தா 5 வோல்ட், சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் கிட்ட இருந்தாலே போதும். மெதுவா ஆட்டுனா எரியாது, ஏன்னா அதே மாற்றம் ரெண்டு மடங்கு நேரம் எடுத்தா வோல்ட்டேஜ் பாதியாயிரும்.

ரெண்டு கலர் எதுக்குன்னு கேப்பீங்க. காந்தம் உள்ள நுழையும்போது புலம் கூடுது, கரண்ட்டு ஒரு திசை, ஒரு எல்இடி எரியுது. வெளிய போகும்போது புலம் குறையுது, கரண்ட்டு எதிர்த்திசை, மத்தது எரியுது. ஏசி கரண்ட்டுன்னு சொல்றோமே, அத கண்ணாலயே பாக்குறீங்க. நம்ம வீட்டு பிளக்குலயும் இதேதான் நடக்குது, விநாடிக்கு 50 தடவ, அவ்வளவு வேகத்துல கண்ணுக்குத் தெரியாது.

பெரிய ஜெனரேட்டர்ல

ஆட்டுறதுக்குப் பதிலா சுத்துறாங்க, மத்தபடி கதை ஒண்ணுதான். நடுவுல காந்தம் சுழலும், சுத்தி காயில் அசையாம நிக்கும். பவர் ஸ்டேஷன்ல நிரந்தர காந்தம் வைக்கிறதில்ல, நடுவுல சுழலுற இன்னொரு காயிலுக்கு, ஒரே திசையில ஓடுற டிசி கரண்ட்டு கொடுத்து மின்காந்தமா ஆக்கிருவாங்க, அப்பதான் வோல்ட்டேஜ தேவைக்கு ஏத்தித் தாழ்த்த முடியும். ஒரு வடதுருவம் ஒரு தென்துருவம் உள்ள காந்தம்னா நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துனா விநாடிக்கு 50, அதான் மலேசியா கரண்ட்டு. சில பவர் ஸ்டேஷன்ல இயற்கை எரிவாயு எரிச்சு டர்பைன்ங்கற விசிறிச் சக்கரத்த சுத்துறாங்க, திரங்கானு கென்யிர்ல அணைத் தண்ணிய விட்டு 100 மெகாவாட் ஜெனரேட்டர் 4 ஓட்டுறாங்க. தண்ணி டர்பைன் மெதுவா சுத்துறதால அதுல துருவத்த நிறைய வச்சு அதே 50ஐ கொண்டு வருவாங்க.

இப்ப அவ கேட்ட கேள்விக்கு வருவோம்

ஸ்கூல் ரோபோட்டிக்ஸ்ல பிள்ளைங்க சக்கரத்துக்கு மாட்டுற மஞ்ச கலர் கியர் மோட்டார் இருக்கே, சில ரிங்கிட்தான், அதுல ஒண்ணு வேணும். மோட்டாரும் ஜெனரேட்டரும் உள்ள ஒண்ணுதான், கரண்ட்டு கொடுத்தா சுத்தும், சுத்துனா கரண்ட்டு கொடுக்கும். ரெண்டு வயரும் தொடாம தனித்தனியா இருக்கும்போது அச்ச விரலால திருப்பிப் பாருங்க, லேசா சுத்தும். இப்ப ரெண்டு வயரையும் ஒண்ணா சேர்த்துப் புடிச்சுக்கிட்டு திருப்புங்க. எண்ணெயில மாட்டுன மாதிரி கனக்கும்! உள்ள புதுசா எதுவும் உரசல, எதுவும் சிக்கல. வயர் சேர்ந்ததும் காயில்ல கரண்ட்டு ஓட ஆரம்பிக்குது, கரண்ட்டு ஓடுன காயில் தானும் ஒரு காந்தமாகுது, அந்தக் காந்தம் உங்க விரலுக்கு எதிராவே தள்ளுது. 1834ல லென்ஸ்ங்கற விஞ்ஞானி சொன்னது இதத்தான், அதான் லென்ஸ் விதி.

பிள்ளையக் கண்ண மூடிக்கிட்டு திருப்பச் சொன்னேன், நான் வயர சேர்த்தும் பிரிச்சும் விட்டேன். "இப்ப... இப்ப விட்டுட்டீங்க... இப்ப மறுபடி"ன்னு ஒண்ணுகூட தப்பாம சொன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஓ, அதான் அந்த எஞ்சினா மாமா"ன்னா. அதேதான்மா. இன்னொரு கடை லைட்டு சேர்ந்தா காயில்ல இன்னும் கரண்ட்டு ஓடுது, எதிர்த்தள்ளு கூடுது, வேகம் விழாம இருக்க எஞ்சின் இன்னும் பெட்ரோல் குடிக்கணும். எங்க தாத்தா கூலிம் பக்கம் தோட்டத்துல இருந்தப்ப சைக்கிள் டைனமோ வச்சிருந்தாரு, 6 வோல்ட், 3 வாட், அத டயருல சாய்ச்சா மிதி கனக்கும்னு நிலா வெளிச்ச ராத்திரியில எடுத்து விட்டுட்டுத்தான் மிதிப்பாராம்.

இது கைக்குப் புரிஞ்சிருச்சுன்னா, காந்தம் மட்டும் வச்சு பெட்ரோலே இல்லாம தானா ஓடுற ஜெனரேட்டர்னு வீடியோ போட்டு சாமான் விக்கிறாங்களே, அதுல காசு போட மாட்டீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் போட்டு ஏமாந்தாரு, அது இன்னும் மனசுக்கு ஆறல.

கடைசியா ஒண்ணு. ஏர்கோன் மாட்டுறவங்ககிட்ட அரை இன்ச்சு செம்புக் குழாய் வெட்டுத் துண்டு இருக்கும், நேரா அரை மீட்டர் கேட்டு வாங்குங்க. செம்புல காந்தம் ஒட்டாது, மொதல்ல ஒட்ட வச்சு உறுதிப்படுத்திக்குங்க. குழாய செங்குத்தா புடிச்சு ஒரு ஆணிய போடுங்க, டொக்குனு விழும். அப்புறம் 10 மில்லிமீட்டர் அகல காந்தம் ஒண்ண போட்டுட்டு மேல இருந்து குழாய்க்குள்ள எட்டிப் பாருங்க, அவசரமே இல்லாம மிதந்து மிதந்து இறங்கும், கீழ வந்து சேர சில விநாடி ஆகும். இங்கயும் அதே எதிர்த்தள்ளுதான் வேலை செய்யுது.