புத்தகக்கடையில் தொகுப்பு நூல் வெளியீடு: முதல்முறை செய்கிறவர்களுக்கு

பதினெட்டுப் பேர் எழுதிய சிறுகதைத் தொகுப்பு தயார், மண்டபம் பிடிக்கக் காசு இல்லை, புதுச்சேரியில் பழக்கமான கடைக்காரர் ஒருவர் "இங்கேயே வெச்சிக்கலாமே" என்கிறார். உடனே ஒத்துக்கொள்ளுங்கள். தனி ஒருவர் புத்தகம் என்றால் கூட்டம் வருமா என்ற கவலை, தொகுப்புக்கோ நேர்மாறு: ஆளுக்கு மூன்று பேரைக் கூட்டி வந்தாலே எழுபது தலை தாண்டிவிடும், கடையில் நிற்க இடமிருக்காது. ஆகவே கூட்டத்தையும் பேச்சையும் சுருக்குவதுதான் நம் வேலை.

முதலில் காகித வேலை. ஒவ்வொருவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டியதெல்லாம் கணக்கில் வராது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை எழுதித் தரும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் பொருள். மின்னூல் போடும் எண்ணம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் அச்சுக்குப் போகிற வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

அப்புறம் தேதி. ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்த ஊரை என்ன பாடு படுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். புயலே இல்லாத ஒரு நவம்பரில்கூட நாங்கள் தரையில் வைத்த அட்டைப்பெட்டியில் ஈரம் ஏறி நாற்பது பிரதி அப்பளம் மாதிரி நெளிந்துபோனது. பொங்கலை ஒட்டி வாசகர்கள் சென்னை புத்தகக் காட்சிக்குக் கிளம்பிவிடுவார்கள். மாசி மாதம் சுகம். கடை காந்தி வீதிப் பக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடுங்கள், சந்தைக் கூட்டத்தில் வண்டி நிறுத்த முடியாது. கடலூர், விழுப்புரத்திலிருந்து வருகிறவர்கள் பஸ் பிடிக்க வேண்டும், அதனால் 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்கு முடியுங்கள்.

கடைக்காரரிடம் பணம் பேசக் கூச்சப்படுவோம் பாருங்கள், அங்கேதான் பின்னால் மனஸ்தாபம் வரும். 30, 35 சதவீதம் கழிவு கேட்பது சாதாரணம். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 35 சதவீதம் என்றால் 70 கடைக்கு, 130 உங்களுக்கு. பிரதிக்கு 90 ரூபாய் அச்சுச் செலவு என்று வையுங்கள், மிச்சம் 40. விழா அன்று வாசகருக்கு 10 சதவீதம் தள்ளுபடி என்று அழைப்பிதழில் தாராளமாகப் போட்டுவிட்டால் அந்த 20 ரூபாய் யார் பங்கிலிருந்து போகிறது? முன்கூட்டியே பேசுங்கள். அன்றைக்கு பில் போடுவது யார், விற்காத பிரதி எத்தனை நாள் கடையில் இருக்கும், பணம் எப்போது கைக்கு வரும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பிரதிகளை எண்ணி சலான் போட்டுக் கொடுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் கல்நெஞ்சம் வேண்டும். வெளியிட ஒருவர், முதல் பிரதி பெற ஒருவர், நூலைப் பற்றிப் பேச ஒரே ஒருவர், அவருக்கு 12 நிமிடம். பாரதி பத்தாண்டு வாழ்ந்த ஊர், பாரதிதாசன் பிறந்த ஊர், எனவே மைக் பிடிக்கிற யாரும் அந்த இருவரையும் வணங்காமல் புத்தகத்துக்கு வரமாட்டார்கள். அதற்கே பாதி நேரம் போய்விடும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டுப் பேருக்கும் ஏற்புரை கொடுத்தால் நாற்காலிகள்தான் மிச்சம் இருக்கும். ஐந்து பேர் தங்கள் கதையிலிருந்து ஒரு பக்கம் வாசிக்கட்டும். யார் அந்த ஐந்து பேர் என்று நீங்கள் தேர்ந்தெடுத்தால் பகைதான், குலுக்கல் போடுங்கள். பொன்னாடைக்குச் செலவழிக்காமல் அதே கடையில் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் கடைக்காரர் முகமும் மலரும்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முப்பது நாற்காலி வாடகைக்கு எடுங்கள், மற்றவர்கள் அலமாரி ஓரமாக நிற்கட்டும், நிற்கிறவர்கள் கை சும்மா இருக்காமல் நாலு புத்தகம் புரட்டுவார்கள். வாசலுக்குப் பக்கத்தில் விற்பனை மேசை, அதில் கியூஆர் அட்டை, சில்லறை, கையெழுத்துப் போட இரண்டு பேனா. டீயும் சுண்டலும் அந்த மேசையைத் தாண்டி வெளியே இருக்கட்டும், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

முடிந்ததும் அசதியாக இருந்தாலும் கடைக்காரரோடு உட்கார்ந்து மிச்சப் பிரதிகளை எண்ணிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இன்னொன்று, பலர் மறப்பது: பொது நூலகங்களுக்குப் பிரதி தரச் சொல்லும் 1954 சட்டப்படி, நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் பதிப்பாளர் பிரதி அனுப்ப வேண்டும். அந்த நாலு பிரதியை விற்பனைக்கு வைக்கும் முன்பே தனியாக எடுத்துக் கட்டி வீட்டில் வைத்துவிடுங்கள், விழா அன்று யாராவது உரிமையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.