மரண அறிவித்தலை வட்ஸ்அப்பில் விடும்போது

யாழ்ப்பாணத்தில் முன்பு இழவுச் செய்தியை ஆள்விட்டுச் சொல்லினர். பின்னர் இலங்கை வானொலியின் மரண அறிவித்தலும் பத்திரிகைகளும் அவ்வேலையைச் செய்தன. எதுவானாலும் செய்தி புறப்படும் நேரம் வீட்டாரின் கையிலேயே இருந்தது. இன்று மருத்துவமனை வாசலில் நிற்கும் அயலவர் ஒருவர் பேஸ்புக்கில் இடும் "ஆழ்ந்த இரங்கல்", வீட்டார் அழைக்கும் முன்னரே ரொறன்ரோவில் இருக்கும் மகளின் கைத்தொலைபேசியை எட்டிவிடுகிறது. ஆகவே அறிவித்தலை எழுதத் தொடங்குமுன் தொலைபேசி அழைப்புகளை முடித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் நெருங்கிய ஒருவரே குரலில் சொல்ல வேண்டும். நமக்குக் காலை 8 மணி ஆகும்போது ரொறன்ரோவில் கோடையில் முதல்நாள் இரவு 10.30, குளிர்காலத்தில் 9.30 என்பதால், தனியே படுத்திருக்கும் ஒருவரை எழுப்புவதிலும் பார்க்க, அவருக்கு அருகில் வசிக்கும் உறவினருக்கு முதலில் சொல்லி, அவரை அங்கே போகச் செய்த பின் அழைப்பது நல்லது. அதுவரை பொறுக்குமாறு ஊர் வட்ஸ்அப் குழுவை நடத்துபவரிடம் நேரே கேளுங்கள். நிர்வாகிகள் மட்டுமே செய்தி இடும்படி குழுவை மாற்றிவைக்க அவரால் முடியும்.

வாசகத்தைப் பொறுத்தவரை, "பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும் பழைய அமைப்பைக் கைவிட வேண்டாம். ஒரே பெயருடையோர் பலர் இருக்கும் நமது ஊர்களில், பிறந்த ஊர், பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர் என்ற அந்த வரிசைதான், இறந்தவர் இன்னார் என்பதைக் கடல் கடந்திருப்பவருக்கும் ஐயமின்றிக் காட்டுகிறது. கிரியை நடக்கும் நேரத்தை "நாளை" என்று எழுதாமல் திகதியும் கிழமையும் இட்டு எழுதுங்கள். பகிரப்பட்ட செய்தி மறுநாளும் சுற்றிக்கொண்டிருக்கும். தகனம் கோம்பயன்மணல் மயானத்திலா, செம்மணியிலா என்பதும் தெளிவாக இருக்கட்டும். படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் அனுப்பினால், கண்பார்வை குறைந்தவர் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம்.

அனுப்புமுன் குடும்பத்து மூத்தவர் ஒருவர் பெயர்களை வாசித்துப் பார்ப்பது கட்டாயம். வட்ஸ்அப்பில் அனுப்பிய எழுத்தைத் திருத்த 15 நிமிடமே உண்டு. பிறர் பகிர்ந்துவிட்ட பிரதிகளோ அதற்குள் திருத்தினாலும் மாறமாட்டா. ஒரு மைத்துனியின் பெயர் விடுபட்டால், அந்தக் குறை அடுத்த கலியாண வீடு வரைக்கும் பேசப்படும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மரணச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றின் படங்களையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் குழுக்களில் இட வேண்டாம்.

வரமுடியாத பிள்ளைகளுக்காகச் செத்தவீட்டை நேரலையாகக் காட்டுவது இப்போது வழமையாகிவிட்டது. அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அழுபவர்களின் முகத்துக்கு நேரே கமராவைக் கொண்டுபோவதை ஏற்கமுடியாது. கமராவை ஓரிடத்தில் நிறுத்தி, கிரியை செய்யும் இடத்தை மட்டும் காட்டுங்கள். பொதுப் பேஸ்புக் பக்கத்தைத் தவிர்த்து, தேடலில் அகப்படாத யூடியூப் இணைப்பொன்றை உறவினருக்கு மட்டும் அனுப்பலாம்.

31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு எனப்படும் நினைவு மலர் அச்சிடுவதாயின், இரங்கல் பதிவுகளையும் பழைய படங்களையும் எட்டாம் நாட் சடங்கான எட்டுச் செலவு முடிந்தவுடனேயே ஒருவர் திரட்டத் தொடங்க வேண்டும், ஏனெனில் அச்சகத்துக்கும் நாள் வேண்டும். இறந்தவரின் சிம்மை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். 120 நாள் பயன்படுத்தாத வட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்படும் என்பதால், அவருடைய குரல் பதிவுகளை அதற்குமுன் வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். பேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றுமாறு குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். அதைப் பராமரிக்க இறந்தவர் தாம் உயிரோடு இருக்கையில் ஒருவரை நியமித்திருந்தால், நியமிக்கப்பட்டவரால் முகப்புப் படத்தை மாற்ற முடியும்; தனிச்செய்திகளை வாசிக்க முடியாது.