வெளிக்காற்றை மறந்த சோதனை: குமரி வீடுகளில் பூஞ்சை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்காற்றுச் சோதனைக்குப் புதிதாக வருகிறவர்களோடு இரண்டு வீடு ஏறி இறங்கினால் போதும். இந்தத் தொழிலுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் செய்து, பணமும் பெயரும் இழந்து, பிறகு திருத்திக்கொண்ட அதே பிழைகள் அச்சு மாறாமல் திரும்ப வருவதைப் பார்க்கலாம். கையுறை போடுங்கள், கேசட்டில் எண் எழுதுங்கள் என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. மேற்கே ரப்பர், கடலோரத்தில் உப்பு, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓயாத காற்று. குளிர்நாட்டு மூடிய வீடுகளுக்காக எழுதிய கையேட்டைப் படித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

வெளிக்காற்று மாதிரி எடுக்காமல் வீட்டுக்குத் தீர்ப்பு சொல்வது

மற்ற எல்லாத் தவறையும்விட அதிகப் பணத்தைக் கரைப்பது இதுதான். எத்தனை தடவை சொன்னாலும் திரும்ப நடப்பதும் இதுதான்.

பெரும்பாலும் கதை இப்படிப் போகும். குலசேகரத்தைத் தாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு கான்கிரீட் வீடு. ஆடி மாதம். பிள்ளைக்கு இரவெல்லாம் இருமல். சோதனைக்குப் போனவர் கூடத்தில் ஒன்று, பிள்ளை படுக்கும் அறையில் ஒன்று என்று இரண்டு ஸ்போர் டிராப் கேசட் (பம்ப் இழுக்கும் காற்றிலுள்ள வித்துகளைப் பசை தடவிய கண்ணாடியில் பிடிக்கும் சிறு பெட்டி) ஓட்டிவிட்டு வருகிறார். கூடத்தில் ஒரு கன மீட்டருக்கு 5,200 பூஞ்சை வித்து என்று ஆய்வகத் தாள் வருகிறது. அந்த எண்ணைக் கேட்ட வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விடுகிறது. கூடத்து ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிக்கிறார்கள். சுவர் முழுக்கச் சுரண்டிப் பூஞ்சை எதிர்ப்புப் பெயின்ட் அடிக்கிறார்கள். மறுபடி சோதித்தால் 4,800. அதற்கப்புறம்தான் யாருக்கோ முற்றத்திலும் ஒரு கேசட் ஓட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. அங்கே 7,200. அதில் முக்கால்வாசி ஆஸ்கோஸ்போரும் பேசிடியோஸ்போரும். அழுகும் இலையிலும் மரக்கட்டையிலும் வளர்ந்து, மழை நனைத்ததும் காற்றில் கிளம்புகிறவை. கூடத்தில் எண்ணியது அத்தனையும் ஜன்னல் வழியாக வந்த தோட்டத்துக் காற்று.

பிள்ளையின் அறையில் மொத்தம் 2,000தான். கூடத்தைவிடக் குறைவாக இருக்கிறதே என்று அந்தத் தாளை யாரும் வரிவரியாகப் படிக்கவில்லை. அதில் 640 ஆஸ்பெர்ஜில்லஸ்–பெனிசிலியம் வகை, வீட்டுக்குள் ஈரமான இடத்தில் வளரும் பூஞ்சைகள். முற்றத்தில் அதே வகை 40 மட்டும். 16 மடங்கு. அலமாரியை ஓர் அடி முன்னால் இழுத்திருந்தால் போதும்: குளியலறையை ஒட்டிய சுவரில் பச்சைப் படலம், அதற்குப் பின்னால் கசியும் ஒரு குழாய் மூட்டு. ஒரு நாள் பிளம்பர் வேலை. அதைத் தொடாமல் கூடத்தை இடித்தார்கள், பிள்ளையின் இருமலும் நிற்கவில்லை. எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

வெளியே ஒரு கேசட் ஓட்ட ஐந்து நிமிடம் ஆகும். ஆய்வகத்துக்கு ஒரு மாதிரியின் கட்டணம் கூடுதலாகும். அந்தக் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டால், உள்ளே ஓர் அறையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளி மாதிரியைக் குறைக்காதீர்கள்.

இனி, எப்படி எடுப்பது. வேலை தொடங்கும்போது வெளியே ஒன்று, முடித்துக் கிளம்பும்போது வெளியே இன்னொன்று. இரண்டு எதற்கு என்றால், வெளிக்காற்று ஒரே நாளில் ஆளே மாறிவிடும். வெயில் ஏறிய காய்ந்த மதியத்தில் கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சையின் வித்து கூடும். ஈரமான இரவிலும் விடிகாலையிலும் ஆஸ்கோஸ்போர், பேசிடியோஸ்போர் கூடும். காலை ஏழு மணி முற்றத்தை மாலை நான்கு மணிப் படுக்கையறையோடு ஒப்பிட்டால் அது வெவ்வேறு நாளை ஒப்பிடுவது மாதிரி. நாகர்கோவிலில் போன வாரம் எடுத்த வெளி எண்ணைத் திருவட்டாறு வீட்டுக்குப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அதைச் செய்யவே கூடாது. அதே வளாகம், அதே நாள், அதே பம்ப், அதே லிட்டர்.

பம்பை மூக்கு உயரத்தில், ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் வையுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி, இலையிலிருந்து நீர் சொட்டாத இடமாகப் பாருங்கள். கொட்டும் மழையில் எடுக்க வேண்டாம். துளி உள்ளே போனால் கேசட் வீண், காற்றில் இருந்ததையும் மழை கழுவிவிட்டிருக்கும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. அது இன்னும் ஆபத்தானது. நிழலாக இருக்கிறதென்று தொழுவத்துப் பக்கமோ, உரக்குழிக்கு அருகிலோ, கதம்பை (தேங்காய் மட்டை) குவியல் ஓரத்திலோ வெளி மாதிரியை எடுத்துவிடுவார்கள். அங்கே ஆஸ்பெர்ஜில்லஸும் பெனிசிலியமும் மண்டிக் கிடக்கும். உள்ளே 640 இருந்தாலும் வெளியே 900 என்று வரும். வீடு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். காற்று வரும் திசையைப் பார்த்து, குவியலைத் தொட்டு வராத காற்று வரும் பக்கத்தில் நின்று எடுங்கள்.

தாள் வந்ததும் மொத்தத்தை விட்டுவிட்டு வகைக்கு வகை பாருங்கள். வெளியே இருக்கிற அதே கூட்டம், அதே விகிதத்தில், சற்றுக் குறைவாக உள்ளே இருந்தால் அது ஜன்னல் வழி வந்தது. வெளியே அரிதான ஒரு வகை உள்ளே தூக்கலாக இருந்தால் அதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு இடம் இருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸையும் பெனிசிலியத்தையும் வித்தை மட்டும் பார்த்து மைக்ராஸ்கோப்பில் பிரிக்க முடியாது என்பதால் ஆய்வகம் இரண்டையும் சேர்த்தே எழுதும். அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். ஸ்டாகிபோட்ரிஸ் போன்ற ஒட்டும் வித்துகள் காற்றில் லேசில் பறக்காது. எனவே அதில் ஒன்றிரண்டு தென்பட்டாலும் ஈரமான ஜிப்சம் போர்டு எங்கே இருக்கிறதென்று தேடுங்கள்.

இன்னொன்று. 75 லிட்டர் இழுத்த கேசட்டில் ஒரே ஒரு வித்து எண்ணப்பட்டாலும் தாளில் 13 என்று வரும், ஏனென்றால் 1,000 லிட்டருக்குப் பெருக்கி எழுதுகிறார்கள். 40 என்றால் கண்ணில் பட்டது மூன்று வித்து. 13க்கும் 40க்கும் நடுவே கதை எழுதாதீர்கள்.

ஓட்டு வீட்டில் காற்று மாதிரி

வேண்டாம். ஓட்டு இடுக்கு முழுக்க வெளிக்காற்றுதான். டேப் மாதிரியும் (சுவரில் டேப் ஒட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது) சுவர் ஈரமானியும் போதும்.

பம்பை அளக்காமல் ஓட்டுவது

நிமிடத்துக்கு 15 லிட்டர், 5 நிமிடம், 75 லிட்டர். இந்தக் கணக்கு பம்ப் உண்மையிலேயே 15 இழுத்தால்தான். ரோட்டாமீட்டரை (காற்று ஓடும் அளவைக் காட்டும் குழாய்) வைத்து, கேசட்டையும் மாட்டிய நிலையில், தினமும் முதல் வீட்டுக்கு முன்னும் கடைசி வீட்டுக்குப் பின்னும் பாருங்கள். பேட்டரி தளர்ந்து 12 ஆகிவிட்டால் நீங்கள் எடுத்தது 60 லிட்டர், ஆய்வகம் கணக்குப் போடுவது 75க்கு. எண் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வரும். வேகம் குறையும்போது சிறிய வித்துகள் பசையில் மோதாமலே நழுவிப் போவதும் சேர்ந்துகொள்ளும். சிறிய வித்து என்றால் ஆஸ்பெர்ஜில்லஸும் பெனிசிலியமும்தான். நீங்கள் தேடிப்போனதே அவற்றைத்தான்.

தூசி அதிகமான வீட்டில் 5 நிமிடம் ஓட்டினால் கண்ணாடி முழுக்க மண் மூடி எதையும் எண்ண முடியாது. அங்கே 2 நிமிடம், 30 லிட்டர். லேபிளில் 30 என்று எழுத மறக்காதீர்கள்.

பெட்ரி தட்டை ஒரு மணி நேரம் திறந்து வைப்பது

பூஞ்சை வளர ஊட்டம் ஊற்றிய அந்தத் தட்டு, தானாக விழுந்ததை மட்டும் சொல்லும். எத்தனை லிட்டர் காற்று என்று கணக்கே இல்லாத சோதனை அது.

உப்புச் சுவரை ஈரச் சுவர் என்று படிப்பது

குளச்சல், முட்டம் பக்கம் கடலோர வீடுகளில் இது தினமும் நடக்கிறது. ஊசி ஈரமானி அளப்பது இரண்டு ஊசிக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதை. உப்பு இருந்தாலே மின்சாரம் எளிதாகப் போகும். உப்பு மணலில் பூசிய சுவரும், உவர்க் கிணற்று நீரில் குழைத்த சிமென்டும், காய்ந்த நாளிலும் எண்ணை ஏற்றிக் காட்டும். அதோடு அந்தக் கருவியின் அளவுகோல் மரத்துக்கானது. சுவரில் அது காட்டும் சதவீதத்தை அப்படியே அறிக்கையில் போடாதீர்கள். அதே வீட்டில் காய்ந்ததென்று நிச்சயமாகத் தெரியும் ஒரு சுவரை முதலில் அளந்து, அதோடு ஒப்பிடுங்கள்.

தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாக ஒன்றரை மீட்டர் வரை எடுங்கள். கீழே அதிகமாகி, ஒரு மீட்டர் வாக்கில் ஓய்ந்தால் அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம் (ஈரம்). மேலே போகப் போகக் கூடினால் மொட்டை மாடியோ குழாயோ. சந்தேகம் தீரவில்லையென்றால் 45 சென்டிமீட்டர் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது.

வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா பூஞ்சையா என்று அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு பெரும்பாலும் கரைந்து மறையும், பூஞ்சை கரையாது. ஆய்வகத்துக்கு அனுப்பும் டேப் மாதிரிகளில் பாதியை இந்த ஒரு சொட்டே மிச்சப்படுத்திவிடும்.

ஏசி அறைக்கு அடுத்த சுவரில் குழாய் தேடுவது

படுக்கையறையில் ஏசி 22 டிகிரி. சுவருக்கு மறுபக்கம் நடைவழி, 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். மழைக்காலத்தில் இங்கே இது சாதாரணம். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகத் துளிர்க்கும் வெப்பநிலை, 26 டிகிரியை ஒட்டி இருக்கும். நாலரை அங்குலச் செங்கல் சுவரின் நடைவழிப் பக்கம் 27 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதாவது நீர் துளிர்க்காது, தொட்டால் கை நனையாது. ஆனால் சுவரைத் தொட்டிருக்கும் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். பூஞ்சைக்கு மேற்பரப்பில் 80 சதவீதம் தொடர்ந்து நீடித்தாலே போதும். சுவர் கறுத்திருக்கிறது, கசிவு எதுவும் இல்லை, ஈரமானியும் அடக்கமாகவே காட்டுகிறது. புதியவர் டைலை உடைக்கச் சொல்கிறார்.

உடைப்பதற்கு முன் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் சுவரையும், நல்ல ஈரப்பதமானியால் நடைவழிக் காற்றையும் அளந்து கணக்குப் போடுங்கள். இரவு இரண்டு மணிக்கு அளப்பது சிறந்தது. முடியாவிட்டால் தரவுகளைத் தானே பதியும் கருவியை ஒரு வாரம் விட்டுவிட்டு வாருங்கள். ஏசியை 26க்கு ஏற்றினாலே சுவர் ஒரு டிகிரிக்கு மேல் சூடாகும். சுவரோடு ஒட்டிய அலமாரியை நான்கு விரல் தள்ளி வைத்தால் காற்று ஓடும்.

இதே அறையில் கார்பன் டை ஆக்சைடு அளக்கிறவர்கள் பகல் பதினொன்றுக்கு, கதவு திறந்திருக்கும்போது அளந்து, காற்றோட்டம் நன்று என்று எழுதுகிறார்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையே சுற்றிவிடும். மூன்று பேர் கதவடைத்துத் தூங்கும் இரவில் அளக்க வேண்டும். அதையும் என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் வாயுவை அளக்கும்) சென்சார் உள்ள கருவியால் அளக்க வேண்டும். மலிவான கருவிகள் பலவற்றில் இருப்பது வாசனை ஆவியைப் பார்த்து ஊகிக்கும் சென்சார். டெட்டால் துடைத்தாலும் எண் ஏறும்.

அடைமழையில் பிஎம் 2.5 மீட்டர்

பிஎம் 2.5 என்பது காற்றில் மிதக்கும் நுண்தூசி. அதை அளக்கும் லேசர் மீட்டருக்குத் தூசியும் பனித்துளியும் ஒன்றுதான். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போனால் எண்ணை நம்பாதீர்கள்.

வீட்டில் என்ன கிடக்கிறது என்று கேட்காமல் தொடங்குவது

பின்னறைக் கொடியில் புகைபோடாத ரப்பர் ஷீட் தொங்கினால் அதன் மேலேயே பூஞ்சை படரும். சரியாகக் காயாத கொப்பரையில் ஆஸ்பெர்ஜில்லஸ் பிடிக்கும். ஈரம் 6 சதவீதத்துக்குக் காய்ந்தால்தான் தாங்கும். காயவைத்த கிழங்கு மூட்டையும் அப்படித்தான். இவற்றைப் பார்க்காமல் சுவரை மட்டும் டேப் எடுத்தால், கூடத்தில் ஏறிய எண்ணுக்குச் சுவர் பழி சுமக்கும். வீட்டம்மாவிடம் கேளுங்கள், எந்த அறையில் எது எத்தனை நாளாக இருக்கிறதென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கழுவி வைத்த வீட்டில் மாதிரி எடுப்பது

வளைகுடாவில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில் இது வழக்கம். சோதனைக்கு ஆள் வருகிறார் என்றதும், வீட்டைப் பார்த்துக்கொள்கிற உறவினர் முந்தின நாளே ஜன்னலைத் திறந்து, பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி வைத்திருப்பார். மரியாதையாகச் செய்ததுதான். ஆனால் நீங்கள் அளப்பது பிளீச் போட்ட ஒரு நாள் வீட்டை. தேதி குறிக்கும்போதே போனில் சொல்லிவிடுங்கள்: ஒரு நாள் முன்பிருந்தே ஜன்னல் அடைத்திருக்கட்டும், கூட்ட வேண்டாம், துடைக்க வேண்டாம், கட்டிலடியில் எதையும் இழுக்க வேண்டாம். கழுவிவிட்டார்கள் என்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் ரேடான் கருவியைச் சுவரோடு சாய்ப்பது

ரேடான் என்பது மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வரும் கதிரியக்க வாயு. அங்கே மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. தோரியத்திலிருந்து வருவது தோரான், ரேடானைப் போன்ற இன்னொரு கதிரியக்க வாயு. அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, ரேடானுக்கோ 3.8 நாள். சுவரிலிருந்து கிளம்பிய தோரான் அறைக்கு நடுவே வருவதற்குள் பெரும்பாலும் அழிந்துவிடும். சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு எண், நடுவில் வேறு எண். கருவி இரண்டையும் பிரித்துக் காட்டுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். சுவரிலிருந்து 30 சென்டிமீட்டரும் தரையிலிருந்து 50 சென்டிமீட்டரும் தள்ளி வையுங்கள். வைத்த தூரத்தை அறிக்கையில் எழுதுங்கள்.

அறிக்கையில் "பாதுகாப்பான அளவு" என்று எழுதுவது

பூஞ்சை வித்துக்கு அப்படி ஓர் அளவு இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே எண் வரம்பு வைக்கவில்லை. ஈரத்தைத் தடுங்கள், பூஞ்சை வந்தால் அகற்றுங்கள் என்றுதான் சொல்கிறது. எனவே அறிக்கையில் வெளி மாதிரியின் இடம், நேரம், வானிலை, பம்ப் அளவு, அறைக்கு அறை வகை, ஈரம் எங்கிருந்து வருகிறது, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் ஆகியவற்றை எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் அறைக்கு எழுத வேண்டியிருந்த வரி இவ்வளவுதான்: அலமாரிக்குப் பின்சுவர், தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஈரம், மறுபக்கத்துக் குழாய் மூட்டைத் திறந்து பார்க்கவும்.