பழைய ஆங்கில ஆவணங்களில் ஜனவரி, பிப்ரவரி தேதி வந்தால் ஆண்டோடு ஒன்றைக் கூட்டுங்கள்

ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கில ஆவணம் எதைப் படித்தாலும், தேதி ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை விழுந்தால் ஆண்டோடு ஒன்றைக் கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதினாலே போதும்.

காரணம் இதுதான். 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. எலிசபெத் ராணிக்கு எதிராக எசெக்ஸ் பிரபு செய்த கலகம் நடந்தது 1601 பிப்ரவரி 8. அதற்கு முந்தின நாள் அவருடைய ஆட்கள் பணம் கொடுத்து ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தைப் போட வைத்தார்கள். அரசன் பதவி இழக்கும் கதை அது. பிறகு நடிகர்கள் விசாரிக்கப்பட்டார்கள். அந்த விசாரணைப் பதிவுகளில் ஆண்டு 1600 என்றே இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நாடகம் கலகத்துக்கு ஓராண்டு முன்னால் போய்விடும், இரண்டுக்கும் உள்ள தொடர்பே அறுந்துவிடும். எலிசபெத் ராணி இறந்த 1603 மார்ச் 24-உம் அன்றைய கணக்கில் 1602-இன் கடைசி நாள்!

எல்லா இடத்திலும் கூட்டிவிடாதீர்கள். 1602/3 என்று சாய்கோடு போட்டிருந்தால் பதிப்பாசிரியர் ஏற்கெனவே இரண்டு கணக்கையும் காட்டிவிட்டார் என்று பொருள். இன்றைய பதிப்புகள் பல சொல்லாமலே திருத்தியிருக்கும், அதனால் முன்னுரையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டது. அப்புறம், 12ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய ஆவணங்களில் கிறிஸ்துமஸ் அன்று ஆண்டைத் தொடங்கும் வழக்கமும் உண்டு. அங்கே இந்தக் கணக்கு உதவாது.