கேபிள் பொருந்துகிறது என்பதற்காகச் செருகாதீர்கள்: டிரைவ் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்க்ரூ போட மறந்தது, டேட்டா கேபிள் பாதி செருகி நின்றது எல்லாம் இங்கே வராது. திறந்து மறுபடி மாட்டினால் சரியாகிவிடும். புதிதாக அசெம்பிள் செய்ய வரும் பசங்க, நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே வேலைகளைத் திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

புது பவர் சப்ளை, பழைய கேபிள்

கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் சப்ளை புதிதாக வாங்குவார்கள். கேபினெட்டின் பின்பக்கம் டிரைவுக்குப் போகும் பழைய சாட்டா பவர் கேபிளை டேக் போட்டு அழகாகக் கட்டியிருக்கும். அதைப் பிரிக்கச் சோம்பல். சப்ளையை மட்டும் மாற்றிவிட்டு, அதே கேபிளின் மறுமுனையைப் புதியதில் செருகுவார்கள். க்ளிக்கென்று உட்கார்ந்துவிடும். வினையே அங்கேதான்.

டிரைவ் பக்கம் உள்ள 15 பின் கனெக்டர் எங்கே போனாலும் ஒன்றுதான். எந்தப் பின்னில் 5 வோல்ட், எதில் 12 என்று வரையறை இருக்கிறது. சப்ளை பக்கத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே மாறும். முன்பெல்லாம் மஞ்சள் 12, சிவப்பு 5 என்று கம்பியைப் பார்த்தே சொல்லலாம். இப்போது எல்லாமே கறுப்பு.

ஒரு கல்யாண போட்டோகிராபர் நண்பரை வைத்து இப்படித்தான் சப்ளை மாற்றினார். ஒரு ஹார்ட் டிஸ்கில் ஒரிஜினல், இன்னொன்றில் பேக்கப், இரண்டுக்கும் பவர் ஒரே கேபிளில். சுவிட்சைப் போட்டதும் இரண்டும் போய்விட்டன. திருப்பிப் பார்த்தால், பவர் கனெக்டரை ஒட்டி அரிசி அளவில் ஒரு பாகம் வெடித்து, சுற்றிலும் பழுப்புக் கறை. அதிக வோல்டேஜ் வந்தால் அடி வாங்கிக்கொள்ள வைத்திருக்கும் டயோடு அது. அதிர்ஷ்டம் இருந்தால் அது மட்டும் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றியிருக்கும். அதை எடுத்துவிட்டால் டிஸ்க் ஓடும், காப்பி எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பிழைத்தது பேக்கப் டிஸ்க். கடைசியாக எடுத்த கல்யாணங்கள் அதில் ஏறவே இல்லை.

“அதே மாடல் டிஸ்கோட போர்டு வாங்கி மாட்டினா வராதாண்ணே?” என்று நண்பர் கேட்டார். பெரும்பாலும் வராது. அந்தந்த டிஸ்குக்கு உரிய அளவீடுகள் அதன் போர்டிலுள்ள சின்ன சிப்பில் இருக்கும். அதையும் பெயர்த்துப் புது போர்டில் சால்டர் செய்ய வேண்டும். செலவு, அந்த சப்ளை விலையைவிடப் பல மடங்கு.

சப்ளை மாறினால் கேபிளும் மொத்தமாக மாற வேண்டும். பழையதைத் தனியாகக் கட்டி, மாடல் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். செகண்ட்ஹேண்டில் கலந்து வந்த கேபிள் என்றால், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் டிரைவை மாட்டாதீர்கள். “பொருந்துச்சேண்ணே” என்று மட்டும் இனி யாரும் என்னிடம் வர வேண்டாம்.

ஹீட்சிங்க் பேடில் பிளாஸ்டிக் தாள்

மதர்போர்டில் நேராகச் செருகும் எம்.2 டிரைவின் சூட்டை இழுக்கும் உலோகத் தகட்டுக்கு அடியிலுள்ள பேடில் ஒட்டியிருக்கும் தாளை உரித்துவிட்டு மாட்டுங்கள்.

எம்.2 போட்டதும் சாட்டா டிரைவ் காணோம்

பல மதர்போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் ஏறினால் ஓரிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். எவை என்று மானுவலில் போட்டிருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க்

புது எஸ்எஸ்டியில்தான் விண்டோஸ் ஏற்றுவீர்கள். ஆனால் பழைய டிஸ்கும் மாட்டியிருந்தால், மெஷினை எழுப்பும் பூட் ஃபைல்கள் பல நேரம் அதில் அதற்கென்றே ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்குத் தெரியாது. என்றைக்காவது பழைய டிஸ்கைக் கழற்றும்போது மெஷின் எழுந்திருக்காது, எஸ்எஸ்டி போச்சு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். ஏற்றி முடிக்கும்வரை மற்ற டிரைவ்களின் கேபிளைக் கழற்றி வையுங்கள்.

எம்பிஆரா, ஜிபிடியா?

புது டிஸ்கை முதல்முறை மாட்டும்போது எந்தப் பார்ட்டிஷன் முறை என்று விண்டோஸ் கேட்கும். ஜிபிடி கொடுங்கள். எம்பிஆர் கொடுத்தால் 4 டிபி டிஸ்கில் 2 டிபிதான் கைக்கு வரும்.

“ஃபார்மட் செய்யவா?”

வேறு மெஷினில் ஓடிய டிஸ்கை மாட்டியதும் விண்டோஸ் இப்படிக் கேட்டால் கேன்சல் தட்டுங்கள். சிசிடிவி பெட்டியிலிருந்தோ லினக்ஸ் மெஷினிலிருந்தோ கழற்றியது பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும்.