ஜோன் வட்டின் வரம்புகளை லினக்ஸ் கர்னல் வழியே பார்ப்பது எப்படி?

ஹோஸ்ட்-மேனேஜ்டு வகை (எழுதும் ஒழுங்கைக் கணினியே பார்த்துக்கொள்ள வேண்டிய வகை) எஸ்எம்ஆர் ஹார்ட் டிஸ்க்கிலும் ஜெட்என்எஸ் எஸ்எஸ்டியிலும் நினைத்த இடத்தில் எழுத முடியாது. வட்டு ஜோன்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு ஜோனிலும் ரைட் பாயிண்டர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அடுத்து எழுத வேண்டும். பழையதை மாற்ற நினைத்தால் அந்த ஜோனையே ரீசெட் செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இது பலருக்கும் தெரிந்ததுதான். ஒரே சமயத்தில் எத்தனை ஜோன்களைப் பாதி எழுதிய நிலையில் வைத்திருக்கலாம் என்பதற்கும் வட்டு ஒரு எல்லை வைத்திருக்கிறது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். அந்த எல்லையைக் கர்னல் எங்கே காட்டுகிறது, மீறினால் என்ன ஆகும் என்று செய்தே பார்ப்போம். ஜோன் வட்டு கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. லினக்ஸில் உள்ள நல்-பிளாக் டிரைவர் நினைவகத்திலேயே ஒன்றை உருவாக்கித் தரும்.

படி 1: பொய் வட்டு ஒன்றை உருவாக்குதல்

ரூட் உரிமை வேண்டும். கர்னல் 5.10 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும், ஏனென்றால் எல்லையைக் காட்டும் இரண்டு கோப்புகளும் 5.9இல் வந்தாலும், நல்-பிளாக்கில் அந்த எல்லைகளை வைக்கும் வசதி 5.10இல்தான் வந்தது. சோதனைக்கென்று ஒரு விர்ச்சுவல் மெஷின் இருந்தால் அதிலேயே செய்யுங்கள். கை தவறி டிடி கட்டளையில் (வட்டில் நேரடியாக எழுதுவது) உண்மையான வட்டின் பெயரைக் கொடுத்துவிட்டால் தரவு போய்விடும்.

மாட்ப்ரோப் கொண்டு நல்-பிளாக் மாட்யூலை ஏற்றுங்கள். அப்போது சாதன எண்ணிக்கையை 0 என்று கொடுங்கள்; இல்லாவிட்டால் அதுவே ஒரு சாதாரண வட்டை உருவாக்கிவிடும். அப்புறம் கான்ஃபிக்எஃப்எஸ்ஸில் (கர்னல் அமைப்புகளைக் கோப்புகள் வழியே மாற்றும் இடம்) நல்பி அடைவுக்குப் போய் எம்கேடைர் மூலம் புதிய அடைவு ஒன்றைப் போடுங்கள். போட்ட உடனே உள்ளே அமைப்புக் கோப்புகள் தானாக முளைத்திருக்கும். எக்கோ கட்டளையால் அவற்றில் மதிப்புகளை எழுதுவதுதான் வேலை. மொத்த அளவு 1024 எம்பி, ஜோன் அளவு 64 எம்பி, ஜோன்டு என்பது 1, வழக்கமான ஜோன்கள் (எங்கு வேண்டுமானாலும் எழுதக்கூடியவை) 4, மேக்ஸ் ஓபன் 4, மேக்ஸ் ஆக்டிவ் 6, மெமரி பேக்டு 1. கடைசியாக பவர் கோப்பில் 1. இதை முதலில் எழுதிவிட்டால் மற்ற மதிப்புகளை மாற்ற விடாது.

எல்எஸ்பிஎல்கே கொடுத்துப் புதிய வட்டின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: கர்னல் என்ன சொல்கிறது?

சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) பிளாக் அடைவு, அதற்குள் உங்கள் வட்டின் பெயர், அதற்குள் க்யூ. கேட் கட்டளையால் அங்குள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஜோன்டு கோப்பில் ஹோஸ்ட்-மேனேஜ்டு என்று வரும். சங்க் செக்டார்ஸ் கோப்பில் 131072; 512 பைட் செக்டார் கணக்கில் அது 64 எம்பி, நாம் கொடுத்த ஜோன் அளவேதான். என்ஆர் ஜோன்ஸில் 16.

நமக்கு முக்கியமானவை மேக்ஸ் ஓபன் ஜோன்ஸ், மேக்ஸ் ஆக்டிவ் ஜோன்ஸ் என்ற இரண்டு. 4 என்றும் 6 என்றும் காட்டும். ஒன்றை மனதில் வையுங்கள்: இந்தக் கோப்புகளில் 0 வந்தால் எல்லையே இல்லை என்று பொருள். எதையும் திறக்கக்கூடாது என்று படித்துவிடாதீர்கள்.

ஓபன் என்பது இப்போது எழுதுவதற்குத் திறந்திருக்கும் ஜோன். ஆக்டிவ் என்பதில் திறந்தவையும் சேரும், பாதி எழுதி மூடி வைத்தவையும் சேரும். காலியானதும் நிரம்பியதும் இந்தக் கணக்கில் வராது. அதனால் ஒரு ஜோனை மூடினால் ஓபன் எண்ணிக்கை குறையும், ஆக்டிவ் குறையாது.

படி 3: எல்லையைத் தாண்டிப் பார்ப்போம்

முதல் நான்கும் வழக்கமான ஜோன்கள் என்பதால் 4ஆம் எண் ஜோனிலிருந்து தொடங்குவோம். டிடி கட்டளையில் பிளாக் அளவு 4096, எண்ணிக்கை 1, அவுட்புட் ஃபிளாக் டைரக்ட். ஒரு ஜோனுக்கு 16384 பிளாக் என்பதால் சீக் மதிப்பு (எத்தனை பிளாக் தள்ளி எழுதுவது) முதலில் 65536, அடுத்தது 81920, இப்படி 16384 கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

நான்கு ஜோன்களில் எழுதியபின் யூட்டில்-லினக்ஸ் தொகுப்பில் வரும் பிஎல்கேஜோன் கட்டளையின் ரிப்போர்ட்டைப் பாருங்கள். நான்கும் 'ஓஐ' நிலையில், அதாவது தானாகத் திறந்தவையாக இருக்கும். ஐந்தாவதில் எழுதுங்கள். ஓபன் எல்லை 4தானே, பிழை வர வேண்டுமே என்று தோன்றும். வராது. ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தால் பழைய நான்கில் ஒன்று சத்தமில்லாமல் 'சிஎல்' ஆகியிருக்கும். புதியதற்கு இடம் தர, தானாகத் திறந்த ஒன்றை வட்டே மூடிவிட்டது. ஆறாவதும் இப்படியே நடக்கும்.

ஏழாவதில்தான் மாட்டும். 163840 என்ற சீக் மதிப்புடன் எழுதினால் டிடி இஓவர்ஃப்ளோ பிழையுடன் நிற்கும். டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவு) ஆக்டிவ் ஜோன் எல்லை மீறியதாக ஒரு வரி இருக்கும். டிடி காட்டும் வாசகம் தரவு வகைக்கு மதிப்பு பெரிதாக இருக்கிறது என்ற பொருளில் வருவதால் பலர் தங்கள் நிரலில் எண் வகையைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது.

வழி இரண்டுதான்: 'ஓஐ' நிலையில் உள்ள ஒரு ஜோனை பிஎல்கேஜோன் ஃபினிஷ் மூலம் நிரம்பியதாக்குங்கள், அல்லது ரீசெட் செய்து காலியாக்குங்கள். பிறகு ஏழாவதில் எழுத்து போகும்.

ஓபன் எல்லை பிழையாகவே வர வேண்டுமா? எல்லா ஜோன்களையும் ரீசெட் செய்துவிட்டு பிஎல்கேஜோன் ஓபன் கட்டளையால் நான்கைத் திறந்து, ஐந்தாவதையும் திறக்கப் பாருங்கள். நாமே கேட்டுத் திறந்ததை வட்டு தானாக மூடாது. இடூமெனிரெஃப்ஸ் பிழை வரும்.

படி 4: இந்த எண்கள் கர்னலுக்கு எப்படி வருகின்றன?

வட்டிடம் கேட்டு வாங்குவது டிரைவரின் வேலை. அது க்யூ லிமிட்ஸ் என்ற ஸ்ட்ரக்சரில் இரண்டு மதிப்புகளையும் நிரப்பும். பிளாக் லேயர் சரிபார்த்து சிஸ்எஃப்எஸ்ஸில் வைக்கும். ஆக்டிவ் எல்லையை விட ஓபன் எல்லை பெரிதாக இருந்தால் இப்போதைய கர்னல் ஏற்காது. பழைய கர்னல்களில் மதிப்பை வைக்கத் தனி ஃபங்ஷன்கள் இருந்தன.

எனக்குப் பிடித்த இடம் எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ டிரைவரில் இருக்கிறது. ஜெட்என்எஸ் வட்டு தன் எல்லையை உண்மையான எண்ணிலிருந்து ஒன்று குறைத்துச் சொல்லும். 3 என்றால் 4. எல்லையே இல்லை என்றால் 32 பிட்டும் ஒன்றாக இருக்கும். டிரைவர் வந்த மதிப்பில் ஒன்றைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். 32 பிட்டும் ஒன்றாக இருக்கும்போது ஒன்று கூட்டினால் சுற்றிக்கொண்டு 0 ஆகிவிடும். கர்னலில் 0 என்றால் எல்லை இல்லை என்று முன்பே பார்த்தோம். தனியாக ஒரு இஃப் கூடத் தேவைப்படவில்லை.

எஸ்எம்ஆர் டிஸ்க்கில் ஓபன் எல்லை மட்டும்தான் உண்டு. அதன் ஆக்டிவ் கோப்பில் 0 இருக்கும்.

சொந்த நிரல் எழுதும்போது

பிளாக் லேயர் எல்லையைக் காட்டும், உங்களுக்காக எண்ணிக்கொண்டிருக்காது. எஃப்2எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகும்போதே ஓபன் எல்லை தனக்குப் போதுமா என்று பார்த்துவிடும். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் ஆக்டிவ் ஜோன்களைத் தானே எண்ணும். வட்டில் நேரடியாக எழுதுகிறீர்கள் என்றால் அந்தக் கணக்கு உங்கள் பொறுப்பு. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஆக்டிவ் எண்ணிக்கையைப் பாருங்கள். ஜோனை மூடுவதால் அது குறையாது.

சோதனை முடிந்ததும் பவர் கோப்பில் 0 எழுதி, அடைவை ஆர்எம்டைர் செய்து, மாட்யூலை இறக்கிவிடலாம்.